இரண்டு பாட்டுகளுக்கு நடுவே

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. கதவைச் சாத்தினால் பஸ் ஹாரன்கூட உள்ளே வராது. மத்தியானம் எது, நடுராத்திரி எது என்று தெரியாது. நம் மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும். இங்கே நடந்ததைப் போனில் யாரிடமாவது சொல்ல முடிந்திருந்தால், நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பொற்கொடி அக்கா மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தார். காரமடையிலிருந்து பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, சத்தத்தைச் சரி பண்றது நீங்களேதானுங்களா? பொம்பளப் புள்ளையா இருக்கறீங்க!"

"பொம்பளப் புள்ளைக்குக் காது கேக்காதுங்களாக்கா?"

என் வாய் அப்படித்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கருமத்தம்பட்டியில் விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து, அப்பா தறியில் செவிடாவதைப் பார்த்து, ஒலியைப் பற்றியே படித்தேன். படித்ததற்குக் கிடைத்தது, கச்சேரியில் எவனெவனோ போனில் எடுத்த வீடியோவின் கரகரப்பை நீக்கிக் கொடுக்கும் வேலை.

அக்கா சிரிக்கவில்லை. போனை நீட்டினார்.

"எம்மக வர்ஷினி எடுத்ததுங்க."

பெயரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. இசை நிகழ்ச்சி நடந்த மைதானத்தில் விளக்கு அணைந்து, கூட்டம் ஓடி, பின் கேட் பூட்டியிருந்ததால் நசுங்கிச் செத்தவர்களில் ஒருத்தி. கூட்டம் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டது என்று நடத்தியவர்கள் அறிக்கை விட்டார்கள். பூட்டியது யார் என்று ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவுக்கு அனுப்பிய வீடியோ அது. மேடை, வண்ண விளக்கு, காதைக் கிழிக்கும் கரகரப்பு. நடுவில் போனைத் தன் பக்கம் திருப்புகிறாள். வேர்த்த முகம். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். பாட்டு அதை அப்படியே விழுங்கிவிடுகிறது.

"பாட்டெல்லாம் வேண்டாங் கண்ணு. இங்க வாய் அசையுது பாருங்க. என்ன சொல்றானு மட்டும் கேட்டாப் போதுமுங்க."

நான் ஃபைலை ஏற்றும்போது, அவர் போனைக் காதோடு வைத்து ஏதோ ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று எடுத்தால் போன் மைக் தாங்காது. சத்தத்தின் உச்சியெல்லாம் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். சீவிய இடத்தில் மிச்சமென்று எதுவும் இருக்காது. அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக நிரப்பும். அதற்கு முன்னால், எது வேண்டாத இரைச்சல் என்று அதற்குக் காட்ட வேண்டும். பாட்டும் பேச்சும் இல்லாத ஒரு துண்டை எடுத்து இதுதான் குப்பை என்று காட்டினால், வீடியோ முழுக்க அதைத் தேடித்தேடி அழித்துவிடும்.

அந்த வீடியோவில் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, புஸ்புஸ்ஸென்று ஒரு சின்ன இரைச்சல்.

அதைக் காட்டினேன்.

பாட்டு கண்ணாடிபோல் தெளிந்தது. வர்ஷினி திரும்பினாள். வாய் அசைந்தது. ஒன்றுமே கேட்கவில்லை.

அக்கா அவசரமாக, "அந்த நடுவுல, பாட்டு நிக்கற எடத்தைப் போடுங்க," என்றார். போட்டேன். சுத்தமான மௌனம்.

"இங்க எம்புள்ள மூச்சு விடுவாளுங்க. ஆடுன களைப்புல... தெனமும் அதைக் கேட்டுட்டுத்தான் படுப்பேன். காணோமுங்களே?"

நான் குப்பை என்று காட்டியது அந்த மூச்சைத்தான்.

"பயப்படாதீங்கக்கா. பழையது அப்படியே இருக்கும்."

மூல ஃபைலைத் திறந்தேன். கரகரப்பு இருந்தது. மூச்சு இல்லை. அக்காவின் போனிலேயே போட்டுப் பார்த்தோம். அதிலும் இல்லை. நான் கை வைக்காத ஃபைல் அது.

அப்படி நடக்க முடியாது.

அழித்ததை மட்டும் தனியாகக் கேட்க ஒரு வழி உண்டு. பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை அழுத்தினேன்.

புஸ்... புஸ்...

மூச்சு. காதோரம் உதடு வைத்து விடுவதுபோல் அத்தனை பக்கத்தில். பிறகு, திரையில் அவள் வாய் அசையும் நேரத்துக்குச் சரியாக, ஒரு பிசிறு இல்லாத குரல்.

"சாப்பிட்டுப் படுத்துக்கம்மா. நா வந்துருவேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றி அக்காவுக்கு மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்களே."

பிடுங்கி நான் வைத்தால் கேட்கிறது. அவர் வைத்தால் இல்லை. வெளி ஸ்பீக்கரிலும் இல்லை. அவள் சொன்னதை நானே சொன்னேன். அக்கா என்னை வெறித்துப் பார்த்தார்.

"எந்தப் புள்ளையும் சொல்றதுதானுங்களே அது."

வீடியோ முடிந்து திரை கறுப்பாகிவிட்டது. என் காதில் இருந்த ஹெட்ஃபோனில் மூச்சு நிற்கவில்லை.

"அக்கா," என்றது ஹெட்ஃபோனுக்குள்.

ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன்.

"அக்கா, பக்கத்துல இருக்கறது எங்கம்மாவுங்களா?"

என்னை அறியாமல் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பொற்கொடி அக்கா எழுந்து நின்றார்.

"அம்மணி, செத்த புள்ளைய வெச்சு வெளையாடாதீங்க. மூச்சாவது இருந்துச்சு. அதையும் தொலைச்சுப்போட்டீங்க."

கதவு சாத்திக்கொண்டது. ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி என்ன சொல்வது? முதலாளி வம்சிக்குப் போன் போட்டேன். "ஹலோ, ஹலோ? ஏம்மா மூச்சு மட்டும் வாங்குது? பேசும்மா" என்று கேட்டுவிட்டு, நான் கத்தக் கத்தப் போனை வைத்துவிட்டார். சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன்.

ஹெட்ஃபோனைச் சுவர் ஆணியில் மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். சாயங்காலம் வரை ஒன்றும் செய்யாமல் கிடந்துவிட்டு, பொற்கொடி அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "மன்னிச்சுருங்கக்கா. என் தப்புத்தான். எப்படியாவது திருப்பிக் கொண்டு வரப் பார்க்கறேன்." அவ்வளவுதான் பேசினேன்.

உடனே பதில் வந்தது. அழுகையும் சிரிப்புமாக.

"கண்ணு, கோவத்துல பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க அனுப்புனது கேட்டுச்சுங்க! எம்புள்ள கொரலேதானுங்க. சாப்பிட்டுப் படுத்துக்கம்மாங்கறா. ஒரு கரகரப்பு இல்லீங்க. நீங்கதான் ஒண்ணும் பேசாம அனுப்பிப்போட்டீங்க."

நான் அனுப்பியதை நானே திறந்து கேட்டேன்.

அவள் குரல் இருந்தது. என் குரல் இல்லை.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் லோகப்பிரியா பேசறேன். அது நான் அனுப்பினது இல்லீங்க..."

"சாமீ!" என்று அலறினார் அவர். "வர்ஷினி! சொல்லு கண்ணு, எங்க இருக்கற?"

"அக்கா, நான்தாங்க! லோகப்பிரியா! கேக்குதுங்களா?"

பஞ்சுச் சுவர்கள் என் சத்தத்தைக் குடித்தன. அந்தப் பக்கம் அவர் யாரோ பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ம்... ம்... என்று கொட்டிக்கொண்டே.

"அப்படியா? அந்த அக்கா பக்கத்துலயா? சரி தங்கம். அங்கயே உக்காந்திரு. அம்மா வாரேன்."

லைன் கட்டானது.

திரும்பி, மத்தியானத்திலிருந்து ஆணியில் தொங்கிய ஹெட்ஃபோனைத் தொட்டேன்.

காது வைக்கும் பஞ்சு வேர்வையில் நனைந்து, சூடாக இருந்தது.