நிக்கலஸுக்கு விட்ட வழி

பிறிஜெற் மவுசில் கை வைக்கவே இல்லை. ஆனாலும் திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வெள்ளவத்தை ஃபிளாட்டின் பூட்டிய சன்னலுக்கு வெளியே மழை, கடற்கரை ரயிலின் தடதடப்பு, கீழ்வீட்டுக் கருவாட்டுப் பொரியல் மணம், படிக்கட்டில் சப்பாத்துக் காலடி கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், ஆட்கள் காணாமல்போன அந்த வருடத்துப் பழக்கம், எல்லாம் அப்படியப்படியே இருந்தன. மடிக்கணினியில் தெரிந்தது அவள் புருஷன் நிக்கலஸ் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் பாவித்த கணினியின் திரை. அவனும் தானும் வீட்டிலிருந்தே வேலை செய்யவென்று, அலுவலகக் கணினிகளுக்கு அரணான ஃபயர்வோலில் அவளே ஒரு சின்ன வழி விட்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் யாரோ அவனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போன பிறகு, அந்த வழியை அடைக்கச் சொன்னார் மேலாளர் அலவி. அடைத்துவிட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அடைத்தால் அவன் இனி வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அதை அவளால் தாங்க முடியாது.

அந்த வழியால் வர இன்னொரு சாவி நிக்கலஸிடம் மட்டும்தான் இருந்தது. அந்தோனியார் பதக்கத்தோடு கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பென்டிரைவில்.

மவுசைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். அம்புக்குறி வலப்பக்கம் இழுபட்டது. முன்பு அவன் அலுவலகத்திலும் அவள் வீட்டிலுமாக, ஒரே திரையில் இப்படித்தான் மல்லுக்கட்டுவார்கள். அவனேதான்!

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். "நிக்கி, நீங்களோ?"

பதில் ஒவ்வொரு எழுத்தாய் வந்தது. "ஓம்."

"எங்க நிக்கிறியள்?"

"தெரியேல்ல. கண் கட்டிக் கிடக்கு."

அவள் விரல்கள் நின்றன. கண் கட்டியிருப்பவன் அவள் எழுதியதை எப்படி வாசித்தான்?

கைப்பேசி அடித்தது. அலவி.

"பிறிஜெற், ஃபயர்வோல்ல இருந்து எனக்கு மெசேஜ் வந்தீக்கி. நிக்கலஸ்ட வழியால யாரோ உள்ளுக்கு வந்தீக்கிறாங்க. ஒடனே மூடுங்க."

"அவர்தான் சேர்! என்னோட கதைக்கிறார்."

அலவியின் குரல் தாழ்ந்தது.

"தங்கச்சி... நான் ஆஸ்பத்திரியில நிக்கிறன். காலையில நீர்கொழும்புப் பக்கம் எடுத்த பிரேதம் நிக்கலஸ்தான். கண்ணக் கட்டி, கையப் பின்னால கட்டி... கழுத்துல அந்தச் சங்கிலி அப்பிடியே ஈக்கி."

கைப்பேசி மடியில் விழுந்தது. அவள் அழவில்லை. பயம் அழுகையை முந்திக்கொண்டது. வழியை அடைக்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு பொத்தான்தான் மிச்சம். திரையில் மறுபடி எழுத்துகள் ஊர்ந்தன.

"பிறிஜெற், அடைக்காதையும்."

விரல் அந்தரத்தில் நின்றது.

"இங்க என்னைப்போல இன்னும் ஆக்கள் நிக்கினம்."

திரையின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி திறந்தது. வெறுமை. அதன்மேல் இன்னொன்று. இன்னொன்று. எழுத்துகள் வந்தன.

"அம்மா."

"அக்கா, நான்தான்."

"அம்மே." அது சிங்களம்.

"அம்மா."

அவள் விரலை எடுத்துவிட்டாள். பெட்டிக்குமேல் பெட்டி. நிக்கலஸின் வரி எதற்கடியில் போயிற்று? ஒன்றை விலக்கினாள், இரண்டு வந்தன. திரை நிறைந்தது. அவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.