பதினெட்டு மேஜையில் ஒரே கம்ப்யூட்டர்

காலை பத்து மணிக்குக் கடலூர் தலைமை அலுவலகத்துக்குள் சிதம்பரம் கிளையின் பொறுப்பாளர் மலர்க்கொடி நுழைந்தபோது அழுது முடித்திருந்தாள். சிதம்பரத்திலிருந்து வரும் பஸ் அதற்கு வேண்டிய நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கும்.

"அக்கா, நாலு மணிக்கு என்மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாராம் மேனேஜர். பதினேழு புதுக் கம்ப்யூட்டரை நான் வித்துட்டேனாம்!"

அந்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர், என்ன எண், எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் டேட்டாபேஸுக்கு ஜெயராணிதான் காவல். அவளுக்குத் துணை அருள்முருகன். யாராவது எதையாவது திருடித் தொலைக்க மாட்டார்களா என்று ஆறு வருஷமாகக் காத்திருப்பவன்.

திரையில் சிதம்பரம் கிளையின் பதினெட்டுப் பதிவுகளும் சிவப்பாக எரிந்தன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒட்டிய ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் அதன் எண் பதிவாகும்; ஒரு எண்ணுக்கு ஒரே கம்ப்யூட்டர் என்பது விதி. இங்கே பதினெட்டுக்கும் ஒரே எண். ஒரே கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் பதினெட்டு மேஜையில் இருந்தது. சித்தர்களுக்கே இரண்டு மூன்று இடத்துக்கு மேல் கைகூடியதில்லை என்று அருள்முருகன் கேள்விப்பட்டிருந்தான்.

"புதுசை வித்துட்டுப் பழசை அடுக்கி வச்சிருக்காங்கக்கா. ஸ்கேன் பண்ணினது யாராம்?" என்றான்.

"எங்க பியூன் சின்னையன் அண்ணன்" என்றாள் மலர்க்கொடி. "ஆயுத பூஜைக்கு மறுவாரம்."

ஜெயராணி திரையில் பதிவான நேரத்தைப் பார்த்தாள். "முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் நாற்பது நொடி. உங்க ஆபீஸ் எத்தனை மாடி?"

"ரெண்டு."

"ம்." இன்னொன்றையும் பார்த்தாள். அந்த எண்ணுக்குச் சொந்தமான கம்ப்யூட்டர் பூஜை வாரம் முழுக்க ரிப்பேருக்காகக் கடலூரில் கிடந்திருக்கிறது. "கிளம்புங்க, சிதம்பரம் போவோம்."

சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் அருள்முருகன் சின்னையனை மனசுக்குள் மூன்று தடவை கைது செய்தான்.

கிளையில் ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றில் மட்டும் இல்லை. ஜெயராணி எல்லோரையும் அதன் முன்னால் கூட்டினாள்.

"பதினெட்டையும் ஸ்கேன் பண்ணீங்களாண்ணே?"

"பதினெட்டு தடவை சத்தம் வந்துதும்மா. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார் சின்னையன்.

"இந்த ஒரு பெட்டி முன்னாடியே நின்னுக்கிட்டு."

சின்னையன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"மாடி ஏறி இறங்கினா நாற்பது நொடி பத்தாது. ஸ்டிக்கர் ஒட்டுறது நெத்தியில, பொட்டு வைக்கிறதும் நெத்தியில. பதினேழு ஸ்டிக்கரும் சந்தனத்துக்கு அடியில போயிடுச்சு. பூஜையன்னைக்கு ஊர்ல இல்லாததால இது ஒண்ணுதான் வெறும் நெத்தி."

"துடைச்சிட்டு ஸ்கேன் பண்றதுக்கென்ன?" அருள்முருகனுக்குக் கைவிலங்கு நழுவிய வருத்தம்.

"வச்ச பொட்டைத் துடைக்கிறதா?" சின்னையன் பதறினார். "இந்தப் பொண்ணு பொறுப்புல இருக்கிற ஆபீஸ் நல்லா இருக்கணும்னு நானே வச்சதுங்க!"

திட்டக் கிளம்பிய மலர்க்கொடி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஜெயராணியும் பொட்டைத் தொடவில்லை. அதே எண் பெட்டியின் வயிற்றுக்குள்ளும் பதிந்திருக்கும். ஒவ்வொன்றாக இயக்கித் திரையில் எண்ணை வரவழைத்தாள். கம்பெனி வாங்கிய கம்ப்யூட்டர்களின் பட்டியலோடு அருள்முருகன் ஒத்துப் பார்த்தான். பதினெட்டும் அசல். மூன்றரை மணிக்கு எல்லாம் பச்சை. போனில் மேனேஜர் "அப்படியா?" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

ஜெயராணி விதிகளின் அடியில் ஒன்று சேர்த்தாள்: பொட்டு, ஸ்டிக்கரிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

அதற்குள் சின்னையன் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். வெறும் நெற்றியில் இரண்டு விரல் வைத்து அளந்து, தள்ளிப் பொட்டிட்டார்.

"பாவம், ஊருக்குப் போயிருந்ததால இதுக்கு மட்டும் வைக்காம விட்டுப்போச்சு."