கயிற்றின் மறுமுனை

அடுப்பைத் தள்ளிவிட்டது மூட்டை என்று எல்லோரும் கூப்பிடும் தம்பிதான். பாறை விளிம்பில் நின்றுகொண்டு, மலையேற்றப் பயிற்சியாளர் தொந்தியை உள்ளிழுத்து நடக்கும் நடையை அண்ணனுக்குச் செய்து காட்டப்போக, சின்ன கேஸ் அடுப்பு காலில் இடறி உருண்டு போயே போய்விட்டது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது கீழே விழுந்த சத்தம் மட்டும் வரவேயில்லை.

“இனி உன்னைத்தான்டா பச்சையா திங்கணும்,” என்றான் அண்ணனின் கூட்டாளி நெட்டை.

அண்ணன் சிரிக்கவில்லை. அடுப்பில்லாமல் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. “இருட்டறதுக்குள்ள உச்சியத் தாண்டி அந்தப் பக்கக் குடிசைக்குப் போயாகணும். கிளம்பு.”

அண்ணன் முதலில் ஏறினான். அடுத்து நெட்டை. கடைசியில், மூட்டை எங்கே இருக்குமோ அங்கே மூட்டை. காற்றில் பேச்சு எடுபடாது, மார்பில் தொங்கும் வாக்கிடாக்கியில் பேட்டரியும் குறைவு என்பதால் கயிறுதான் பேசவேண்டும். மேலிருந்து மூன்று முறை வெடுக்கென்று இழுத்தால், ‘பிடிச்சிருக்கேன், ஏறு’ என்று அர்த்தம்.

மூடுபனி இறங்கியது. முதலில் நெட்டையின் பூட்ஸ் மறைந்தது, பிறகு பாறை மறைந்தது, பிறகு தன் முழங்காலே யாரோ இரவல் கொடுத்ததுபோல் மங்கலாகத் தெரிய, ஈரக் கல்லின் மேல் எங்கோ நீர் சொட்டும் ஓசையையும் தன் பல் தந்தியடிக்கும் ஓசையையும் தவிர வேறொன்றும் கேட்காமல் அவன் வெகுநேரம் காத்திருந்தான். பாறைக்கு இரண்டு நகைச்சுவை சொன்னான். நெட்டை அளவுக்குக்கூட அது ரசிக்கவில்லை.

இடுப்பில் மூன்று இழுப்பு.

ஏறினான். அவன் ஏற ஏறக் கயிறும் தளராமல் மேலே போனது. அண்ணன் இழுத்தால் எரிச்சலும் சேர்ந்தே வரும். மாட்டை இழுப்பதுபோல் இழுப்பான். இது பதமான இழுப்பு. அடுப்பை மன்னித்துவிட்டான் என்று நினைத்ததும் மூட்டைக்குக் கண் கலங்கியது. காற்றில், பல காலம் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

மார்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

“டேய், எங்க இருக்க?”

“வந்துட்டே இருக்கேண்ணே. இன்னிக்கு என்ன, ராஜ மரியாதையா இழுக்கற?”

கரகரப்புக்குள் நெட்டையின் குரல். “அவன்கிட்ட சொல்லித் தொலைடா.”

“நீ சும்மா இரு.” பிறகு அண்ணன், மிக மெதுவாக: “மூட்டை, அங்கயே நில்லு. ஏறாத.”

“ஏன்?”

“சொன்னா கேளு.”

அவன் நின்றான். கயிறு நிற்கவில்லை. இடுப்புப் பட்டை விலாவில் ஏறியது. குதிகால் பாறையை விட்டுக் கிளம்பியது.

வாக்கிடாக்கியில் கதவு ஒன்று கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. தம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம்.

மலை உச்சியில் ஏது கதவு?

“அண்ணே. நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?”

“பக்கத்துலதான்டா.”

“இழுக்கறத நிறுத்து.”

“பயப்படாத. காலைல ஆள கூட்டிட்டு...”

“யாருண்ணே இழுக்கறது?”

வாக்கிடாக்கியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“நேராச் சொல்லு. ஒரே ஒரு தடவ.”

“குடிசைக்கு வந்துட்டோம்டா.” அண்ணன் அழுதுகொண்டிருந்தான். “நெட்டைக்கு விரல் மரத்துப் போச்சு. உனக்காக நின்னா மூணு பேரும் போயிருவோம்னு தோணுச்சு. சொன்னா நீ கத்துவ. நெட்டை ஏறி வந்ததுமே கயித்த அவுத்துப் போட்டுட்டோம். மறுமுனையில யாரும் இல்லடா.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பனி கொஞ்சம் விலகியது.

கயிறு உச்சிக்குப் போகவில்லை. தலைக்கு மேல், கை எட்டும் தூரத்தில், பாறையில் ஒரு வெடிப்பு. உள்ளங்கைகூட நுழையாத வெடிப்பு. அதற்குள்தான் கயிறு போய்க்கொண்டிருந்தது.

ஒரு முழம். நின்றது.

இன்னொரு முழம்.

இருட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று, கயிறு உரசித் தேயாமலிருக்க, வெடிப்பின் விளிம்பிலிருந்த கூரான கல்துகளைப் பொறுமையாகத் துடைத்துவிட்டது.