சன்னாசியின் கப்பல்

"ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு டீச்சர் போறீங்க? அங்க யாராச்சும் உங்கள கூப்டாங்களா?"

டியூஷனுக்கு வந்த பாப்பா ஒருநாள் இப்படிக் கேட்டாள். கணினியின் கறுப்புத் திரையில் ஊர்ந்த பச்சை எழுத்துகளைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. அம்பிகைக்கு அன்று சிரிப்பு வந்தது. "ஒருத்தரும் கூப்பிடேல்லை. அதுக்காகத்தான் போறன்," என்றாள்.

அது ஒரு கணினி விளையாட்டு. ஓடுவது ஈப்போ நகரின் புந்தோங்கில், சீனியின் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்த ஒரு கணினியில். தொலைபேசி வழியாக அதை அழைத்தால் விண்வெளி திறக்கும். ஈப்போவில் பதினைந்து இருபது பேர் ஆடினார்கள். கூட்டம் சேர்ந்தார்கள், சரக்கு விற்றார்கள், ஒருவர் கப்பலை ஒருவர் சுட்டார்கள். ஆனால் கடைக்கு ஒரே தொலைபேசி இணைப்பு என்பதால், ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைய முடியாது. அவரவர் விட்டுச்சென்ற கப்பல் அங்கேயே அசையாமல் நிற்கும்.

அம்பிகை எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை, யாரையும் சுடவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து குளித்து, சுவாமி விளக்கேற்றி, பிறகு அந்த விண்வெளியின் விளிம்பை நோக்கித் தனியாகப் போவாள். பெயரில்லாத நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நாற்பத்தோரு வயதுவரை எங்கே போனாய், ஏன் தனியாகப் போனாய் என்ற கேள்விகளுக்கே பதில் சொல்லி வாழ்ந்தவளுக்கு, கேள்வி இல்லாத ஒரே இடம் அதுதான்.

அன்று மாலையிலிருந்தே மழை. காம்பார் சாலையை விட்டு உள்ளே தள்ளி, பழைய ரப்பர் தோட்டத்தின் நடுவே இருந்தது அவள் வீடு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா வாங்கிய வீடு. எதிரே தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது ஆளுயரத்துக்கு லாலாங் புல். மழையில் அது படுத்து எழும் சத்தமும், தகரக் கூரையின் இரைச்சலும், எங்கிருந்தோ வந்த புளித்த ரப்பர் பால் வாசனையும் ஜன்னல் இடுக்கு வழியே அறைக்குள் நிறைந்தன. தோட்டத்தில் பால் வெட்டுவது நின்று பதினைந்து வருஷமாயிற்று.

திரையில் ஒரு வரி வந்தது. 'இந்தப் பகுதிக்கு முதன்முதலில் வந்தவர் நீங்கள்.'

அவள் புன்னகைத்தாள். அடுத்த வரி வந்தது.

'அருகில் இன்னொரு கப்பல். பெயர்: சன்னாசி. எரிபொருள்: 0.'

அவள் அடுத்த பகுதிக்கு நகர்ந்தாள். அங்கேயும் முதலில் வந்தவள் அவள்தான். அங்கேயும் சன்னாசி நின்றது. எரிபொருள் இல்லாத கப்பல் ஓர் அங்குலம்கூட நகர முடியாது.

இணைப்பைத் துண்டித்துச் சீனியின் வீட்டு எண்ணுக்கு அழைத்தாள்.

"சன்னாசியா? அப்படி ஒரு ஆளே ஆட்டத்துல கிடையாது டீச்சர்."

"நான் பாத்தனான் தம்பி. எனக்குப் பின்னாலேயே வருது."

"ஒரே லைன்தான் லா இருக்கு. நீங்க உள்ள இருக்கறப்ப இன்னொருத்தன் எப்படி நகருவான்? பேய்கிட்ட மோடம் இருக்கா என்ன?" சீனி சிரித்தான். "கூட்டத்தோட போங்கன்னு எத்தன வாட்டி சொல்லிட்டேன்."

வைத்ததும் மணி அடித்தது. கோலாலம்பூரிலிருந்து அண்ணன் குலசிங்கம்.

"குரல் ஒரு மாதிரி இருக்கு. பயந்திட்டியே? உண்மையைச் சொல்லு. ஓம் எண்டால் சனிக்கிழமை வீடு வாங்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன். வீட்டைக் குடுத்திட்டு இஞ்ச வந்து எங்களோட இரு."

அவள் லாலாங் பக்கம் பார்த்தாள்.

"பயமில்லை அண்ணா," என்றாள். "வீட்டை நான் குடுக்கமாட்டன்."

நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சீனியின் கணினியை மறுபடி அழைத்தாள். மோடம் கீச்சிட்டது, உறுமியது, அடங்கியது. திரை விரிந்தது.

சன்னாசி காத்திருந்தது. இப்போது அதனிடம் ஒரு செய்தியும் இருந்தது.

'பசி.'

அவள் எழுந்து சுவரிலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினாள். கம்பி தரையில் விழுந்தது. மோடத்தின் சிவப்பு விளக்குகள் அணைந்தன.

'பசி,' என்றது திரை.

'பசி.'

கை கம்பியைத் தேடியது. திரும்பச் செருகி அண்ணனை அழைத்தால் போதும். வா என்று ஒரு சொல். அதோடு இந்த அறை, இந்த மாலைகள் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போதுதான் அந்தப் பெயருக்கு ஒரு முகம் வந்தது. தோட்டம் துண்டாகிய வருஷத்து வெள்ளம். அப்பா ஈப்போவில் மாட்டிக்கொண்டார். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், வீட்டில் அரிசி இல்லை. லயத்திலிருந்து பால்வெட்டுக்காரர் சன்னாசி, வெள்ளம் வடியும்வரை, இடுப்பளவு தண்ணீரில் தினமும் கஞ்சித் தூக்கோடு வந்தார். "வெச்சிருக்கேன்மா," என்று வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். அந்த நாட்களில் லயத்தில் பல அடுப்புகள் எரியவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் லயமே காலியாகிவிட்டது. சன்னாசி புந்தோங்கில் யாரோ வீட்டுத் தாழ்வாரத்தில் செத்துப்போனார் என்று கேள்வி. பதிலுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க ஆளே இல்லாமல் போயிற்று.

அம்பிகை கம்பியை விட்டாள்.

உட்கார்ந்தாள். தன் எரிபொருளில் பாதியைச் சன்னாசிக்கு மாற்றினாள்.

"சாப்பிடுங்கோ," என்றாள், யாருமில்லாத அறையில்.

சன்னாசி திரையிலிருந்து மறைந்தது.

மழை நின்றது.

பிறகு எழுத்துகள் வரத் தொடங்கின. கருப்பம்மாள், எரிபொருள் 0. பத்துமலை, எரிபொருள் 0. அர்ச்சுனன், 0. ஐயாவு, 0. லயத்துப் பெயர்கள். அவள் மறந்திருந்த பெயர்கள். திரை நிறைந்து மேலே ஓடியது, மறுபடி நிறைந்தது. எல்லாம் அவள் கப்பலைச் சுற்றி.

வெளியே லாலாங் அசைந்தது. காற்றில்லை.

ஈரக் கால்கள். நிறைய. சேற்றில் மெல்ல.

வாசலில் வந்து நின்றன.

திரும்பக் கூடாது. திரும்பினால் ஓடிவிடுவேன். ஓடமாட்டேன். இது என் வீடு. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டேன்.

மீதியில் பாதியைக் கருப்பம்மாளுக்குக் கொடுத்தாள்.

வெளியே வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது.

பத்துமலைக்குக் கொடுத்தாள். இன்னோர் அடி.

கதவு தாழிட்டிருந்தது. தாழ் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அறைக்குள் சேற்று வாசனை. அவள் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், தகரக் குவளை ஒன்று தரையில் வைக்கப்பட்டது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று.

குளிர்ந்த தண்ணீர் தரையில் ஓடிவந்து அவள் பாதங்களைத் தொட்டது. கணுக்கால் வரை ஏறியது. யாரோ அவள் தலைக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தார்கள். கூந்தலில் ஒரு சொட்டு விழுந்தது.

அம்பிகை மீதியில் பாதியை அர்ச்சுனனின் பெயருக்கு மாற்றி, விசையை அழுத்தினாள்.