வீட்ல கேட்டுட்டு வாரேன்

“போட்டோ எதுக்கு?”

கேள்வி வந்த வேகத்தில் கண்ணபிரானின் கையிலிருந்த செல்போன் நழுவி ஷூ டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. நிமிர்ந்தான். ஐயோ... கடைக்காரப் பெண்ணின் அந்தக் கண்கள்! ‘விரல் முட்டுதா, குதிகால் கடிக்குதா’ என்று அரைமணி நேரமாக அக்கறையாய் விசாரித்த அதே கண்கள்தான். இப்போது அவற்றில் மின்னல் வெட்டியது.

வெளியே ஐப்பசி மழை. கோவில்பட்டி மெயின் ரோட்டில் டவுன் பஸ்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின.

“வீட்ல... வீட்ல காட்டத்தான்” என்றான்.

“ஏன், டப்பாவப் பாத்துட்டுத்தான் ஷூ போட விடுவாவளோ?”

“அப்படியில்ல... வீட்ல கேட்டுட்டு வாரேன்.”

சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கி ஓடினான். அந்த ஒரு வரியில் அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று பஸ் ஏறிய பிறகும் அவனுக்குப் புரியவில்லை.

நமக்குப் புரிய வேண்டும் என்றால் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘கடற்கரை ஸ்போர்ட்ஸ்’. கடலைத் தேடி யாரும் வந்துவிட வேண்டாம், கடற்கரை என்பது கடைக்காரரின் பெயர். அவருடைய ஒரே மகள் சந்தனமாரி. அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது. வீட்டில் இவளும் அப்பாவும்தான், கடையிலும் இவளும் அப்பாவும்தான்.

ஹாக்கி மட்டையோடு பிறக்கிற ஊர் இது. ஆனால் சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு செம்பு, ஒரு துண்டு. காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வந்தால், எந்த ஷூவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துச் சிமெண்டுச் சந்தில் நாலு ஓட்டம் ஓடியும் பார்க்கலாம். “போட்டுப் பாக்காம ஷூ வாங்குனா, அது கடைக்காரனுக்குத்தான் பாவம்” என்பார் கடற்கரை. வயசானவர் யாராவது வந்தால் அவரே தண்ணீர் மொண்டு ஊற்றுவார்.

முன்பெல்லாம் போட்டுப் பார்த்தவர்கள் வாங்கினார்கள். இப்போது போட்டுப் பார்க்கிறார்கள், அளவு தெரிந்துகொள்கிறார்கள், டப்பாவைப் படம் எடுக்கிறார்கள். ‘வீட்ல கேட்டுட்டு வாரேன்’ என்று போகிறார்கள். நாலாம் நாள் அதே ஷூ ஆன்லைனில் வந்து அவர்கள் காலில் ஏறி, கடை வாசல் வழியாகவே நடந்து போகும். சந்தனமாரி கால்களைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் அந்த வரி...

இரண்டு வருஷத்தில் மூன்று முறை பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மூன்று முறையும் அவளே கேசரி கிண்டி, அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். முதலில் வந்தவர்கள் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவது ஆட்கள் ‘கடையில நின்னு நின்னு நிறம் மங்கிட்டோ?’ என்றார்கள். மூன்றாவதாக வந்த அக்கா செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். மூன்று கூட்டமும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே வரியைத்தான் சொன்னது. வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதோம். எந்த வீடு? வந்ததே மொத்த வீடும்தானே! மூன்று மாப்பிள்ளைகளுக்கும் வேறெங்கோ கல்யாணம் ஆகிவிட்டது.

மூன்றாவது கூட்டம் போன அன்று அவள் அப்பாவிடம் சொன்னாள். “இனிமே யாரு முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்ப்பா. கல்யாணமே இல்லன்னாலும் சரி.” கடற்கரை மீதிக் கேசரியை எடுத்து வைத்தார்.

எட்டு நாள் கழிந்தது. மழை விட்டிருந்த காலை. வாசலில் யாரோ வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். எட்டிப் பார்த்தாள்... அவன்! கையில் டப்பா, நடையில் நொண்டல், இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி.

‘இவன் எதுக்குத் திரும்பி வந்தான்?’ ஆன்லைனில் வாங்கியவர்கள் கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார்கள். இவன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளேயே வருகிறானே! கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது அவளுக்கு.

“உண்மையச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஆன்லைன்ல வாங்கிட்டேன்” என்றான். “அன்னைக்கு உங்க சாக்ஸ மாட்டிக்கிட்டு, உங்க சந்துல ஓடிட்டு... மனசு கேக்கல. போட்டுப் பாத்ததுக்கு ஏதாவது காசு...”

“காலு கழுவுன தண்ணிக்குக் காசா?”

“இல்லல்ல! தப்பா எடுத்துக்கிடாதீங்க...”

வாசல் நாற்காலியிலிருந்த கடற்கரை பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. சிரிக்கிறார்!

“எங்க, பாப்போம்.” டப்பாவை வாங்கித் திறந்தாள். புரட்டினாள். நம்பரைப் பார்த்தாள். உதட்டோரம் என்னவோ துடித்தது. “ஏங்க... அன்னைக்கு மூணு ஜோடி போட்டீங்களே, எது சேந்துச்சு?”

“கடைசியா போட்டது.”

“நீங்க போட்டோ எடுத்துட்டுப் போனது ரெண்டாவது ஜோடி. கடிக்குதுன்னு நீங்களே கழட்டிப் போட்டது!”

“அதெப்படி...”

“எனக்கென்ன தெரியும்? போட்டோ எடுக்கையில கவனம் எங்கன இருந்துச்சோ!”

கண்ணபிரானின் காது மடல் சிவந்தது. கவனம் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. சட்டென்று திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள்.

“அபராதம் உண்டு” என்றாள் திரும்பாமலே. “ஞாயித்துக்கிழமை பொம்பளப் பிள்ளைய ஹாக்கி டீமு ஷூ வாங்க வருது. பதினாறு பேரு. வாசல்ல நின்னு நீங்கதான் தண்ணி மொண்டு ஊத்தணும்.”

“வாரேன்” என்றான். இந்த முறை ‘வீட்ல கேட்டுட்டு’ இல்லை.

சொன்னபடி வந்தான். மணியாச்சி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை, இடைசெவல்தான் சொந்த ஊர், ஞாயிறானால் ஊர் ஹாக்கி டீமில் ஃபுல்பேக். இதெல்லாம் அவள் கேட்காமல் கடற்கரை கேட்டு வாங்கிய தகவல்கள். அவள் காதை மட்டும் கொடுத்திருந்தாள்.

பதினாறு பெண்களும் பருத்திக்காட்டு வரப்பில் நடந்து வந்த கால்களோடு வரிசையில் நின்றார்கள். “அண்ணே, இன்னும் ஊத்துங்கண்ணே, சேறு போகல” என்று படுத்தி எடுத்தார்கள். அவன் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி ஓட்டை சாக்ஸை மறைத்துக்கொண்டு தயங்கியபோது, யாரும் பார்க்காமல் ஒரு ஜோடி புது சாக்ஸை அவள் கையில் கொடுத்தான். சந்தனமாரி பார்த்துவிட்டாள். ‘கவனம் நல்லாத்தான் இருக்கு... என்னப் பாக்காதப்ப மட்டும்!’

நடுவில் ஒரு ஆள் வந்தார். மூன்று ஷூ போட்டார், சந்தில் ஓடினார், செல்போனை எடுத்தார். கிளிக்! “வீட்ல கேட்டுட்டு வாரேம்மா.”

கண்ணபிரான் அந்த ஆளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான். எந்த முகத்தோடு கேட்பது? வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சந்தனமாரிக்கு அடக்க முடியவில்லை. ஷூ டப்பாவை முகத்தோடு அணைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள்... அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

எல்லோரும் போன பிறகு இருவரும் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு அந்தச் சொல்லச் சொன்னதும் உங்க முகம் ஏன் அப்படிப் போச்சு?”

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். மூன்று கேசரி, மூன்று தட்டு, ஒரே வரி. “ஷூவாச்சும் பரவால்ல... போட்டுப் பாத்துட்டு வச்சுட்டுப் போனா அதுக்கு வலிக்காது” என்று முடித்தபோது குரல் உடைந்தது. அவன் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டுப் போனான்.

புதன்கிழமை இடி விழுந்தது. வானத்திலிருந்து இல்லை, அப்பாவின் வாயிலிருந்து.

“ஏட்டி, இடைசெவல்ல இருந்து அந்தத் தம்பியோட அம்மா போன் பண்ணுனாவ. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வரட்டுமான்னு கேக்காவ...”

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் நெஞ்சு கசந்தது. எல்லாம் தெரிந்தும்... அவனும் தட்டோடு நிற்கத்தானே சொல்கிறான்! “வர வேண்டாம்னு சொல்லிருங்கப்பா.”

“பிடிக்கலையாட்டி?”

“பிடிச்சதுனாலதான்ப்பா வேண்டாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் மூன்று கூட்டமும் போனபோது அவமானம்தான் வந்தது. இவன் ‘கேட்டுட்டுச் சொல்லுதோம்’ என்று போனால் உயிரே போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கண்ணபிரான் பாசஞ்சரில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான். அவசரத்திலும் காலைக் கழுவ மறக்கவில்லை.

“போன் போட்டது எங்கம்மா. ஆசைப்பட்டு எனக்குத் தெரியாமப் போட்டுட்டாவ. அவிய யாரும் வர மாட்டாவ” என்றான். “நீங்க வாங்க.”

“எங்கன?”

“எங்க வீட்டுக்கு. மாப்பிள்ளை பாக்க. தட்டு நான் தூக்குதேன். நடக்கச் சொல்லுங்க, நடக்கேன். நிறம் மங்கிட்டுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். போட்டோ எடுங்க. பிடிக்கலன்னா ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்’னு பஸ் ஏறிருங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன்...”

அவள் அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் போவதுண்டு. பெண்ணே போவது எந்த ஊர் வழக்கம்? கடற்கரை பேப்பரை மடித்து வைத்தார். “போட்டுப் பாக்காம வாங்கக் கூடாதுன்னு நாந்தான சொன்னேன். போயிட்டு வருவோம்ட்டி.”

வெள்ளிக்கிழமை இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தூறல். அவன் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் இரண்டு பேர் செருப்பிலும் கால் படி கரிசல் ஏறிவிட்டது. படியருகே ஒரு வாளித் தண்ணீர். ஒரு செம்பு. மடித்து வைத்த புதுத் துண்டு! சந்தனமாரி அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

உள்ளே அவன் அம்மா சொர்ணத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து கண்ணபிரான் வந்தான். வேட்டி தடுக்க, ஒரு ஓரம் கருகிய கேசரியும் மூன்று டம்ளர் காப்பியுமாக.

“நீங்களா கிண்டுனது?”

“ஆமா... அடி பிடிச்சுட்டு.”

“நடந்து காட்டுங்க.”

நடந்தான். காலில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. அவள் செல்போனை எடுத்தாள். கிளிக்.

“போட்டோ... எதுக்கு?” அவன் குரல் கம்மியது.

“வீட்ல காட்டத்தான்.”

எழுந்தாள். வாசல் வரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். “வீட்ல கேட்டுட்டு...”

கண்ணபிரான் கையில் தட்டோடு நின்றான். மூன்று முறை அவள் நின்ற இடத்தில் இப்போது அவன். அந்த முகத்தைப் பார்த்தாள். இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. செருப்பை உதறிவிட்டுத் திரும்பினாள்.

“அப்பா... நம்ம வீடுன்னா நீங்க ஒரு ஆளுதான. இங்கன வச்சே கேட்டுருதேன்.” குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “இவியள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. அன்னைக்கு டப்பாவ மாத்திப் போட்டோ எடுத்துட்டு, நொண்டிக்கிட்டு வந்து நின்னாவல்லா... அப்பவே பிடிச்சுப்போச்சு.”

கடற்கரை கருகிய கேசரியில் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார்.

“எனக்குச் சம்மதம்தான்ட்டி” என்றார். “கேசரி மட்டும் இனி நீ கிண்டு.”

“அவியளே கிண்டட்டும்ப்பா. பழகிருவாவ” என்றாள் சந்தனமாரி, அவன் கையிலிருந்த தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.