ஐந்தாவது இசை முடியவில்லை

அக்காவின் ஸ்டுடியோ ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெளியே நண்பகல் வெயில். படியிறங்கிக் கதவைச் சாத்தியதும் பகலும் இல்லை, சத்தமும் இல்லை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுப் பலகை. ஈரத்துணி வாடை.

அக்கா என் பெரியம்மா மகள். படங்களுக்கு இசையமைப்பவள். நான் இயற்பியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வீட்டில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அக்கா மட்டும்தான், நான் பியானோவில் எதையோ வாசித்துக்கொண்டிருப்பதை நின்று கேட்டவள். என்னைத் தன் உதவியாளராகவும் சேர்த்துக்கொண்டாள். அந்த மெட்டைத்தான் படத்தில் ஆறாவது இசையாக வைத்திருந்தாள்.

"ஆறாவது உன்னோடதுதான் எலிக்குட்டி. உன் பேரு வராம எங்க போகும்?" என்றாள் அன்று காலையில்.

எலிக்குட்டி. அவள் எனக்கு வைத்த செல்லப் பெயர்.

மாலை நான்கு மணிக்கு வயலின்காரர்கள் இருபது பேர் வருவார்கள். அதற்குள் எண்களைச் சரிசெய்ய வேண்டும். படத்தின் ஒன்பது இசைத் துண்டுகளும் கணினியில் ஒரே கோப்புக்குள், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு துண்டின் பார்களுக்கும், அதாவது தாளக் கட்டங்களுக்கும், தனி ஆயிரம். மூன்றாவது இசை 3001-இல் தொடங்கும், நான்காவது 4001-இல். "நாலாயிரத்துப் பன்னிரண்டு" என்று சொன்னால், நான்காவது இசை, பன்னிரண்டாவது பார் என்று அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஐந்தாவது 5048-இல் முடிந்தது. பிறகு எட்டு வெற்றுப் பார்கள். பிறகு என்னுடையது. 6001 என்று எண் கொடுத்துச் சேமித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது 5057 என்று இருந்தது.

மறுபடி மாற்றினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5057.

எட்டு வெற்றுப் பார்களையும் சேர்த்து எண்ணியிருந்தது. ஐந்தாவது இசை இன்னும் முடியவில்லை என்பதுபோல.

"அக்கா, எனக்கு முன்னாடி இதை யாரு பார்த்தாங்க?"

"ஒரு பொண்ணு. கல்யாணமாகிப் போயிட்டா. நீ வேலையப் பாரு." அவள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவள் மேலே போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த எட்டுப் பார்களை ஓடவிட்டேன். திரையில் ஒரு கோடுகூட இல்லை. அங்கே எதுவும் பதிவாகியிருக்க முடியாது.

முதலில் மூச்சு. காய்ச்சல்காரர் விடுவதுபோல் சூடான, குட்டை மூச்சு.

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சத்தம்தான். ஆனால் நான் அசையவில்லை.

பிறகு அக்காவின் குரல்.

"அஞ்சாவது உன்னோடதுதான் எலிக்குட்டி. உன் பேரு வராம எங்க போகும்?"

காலையில் கேட்ட அதே குழைவு. ஐந்தாவது என்பது மட்டும்தான் வேறு.

ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "சரிக்கா."

அது என் குரல் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். காது மடல் சுட்டது. எனக்குப் பயத்தைவிட அந்தப் பெயர்தான் வலித்தது.

ஒலிப்பதிவாளர் வயலின்காரர்களுக்காக மைக்குகளை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, முன்னாடி இருந்தவங்க கல்யாணமாகிப் போயிட்டாங்களா?"

"கல்யாணமா?" அவர் கை நின்றது. "நான் அந்தப் பொண்ணோட அடக்கத்துக்குல்ல போயிட்டு வந்தேன்? நாலு நாள் காய்ச்சலோட அந்த நாற்காலியிலயே கிடந்து எழுதுச்சும்மா. வீட்டுக்குப் போன்னு உங்கக்கா ஒரு வார்த்தை சொல்லல."

"அஞ்சாவது இசை அவங்களோடதா?"

"எந்தப் படத்துல அந்த மாதிரி பேரெல்லாம் போட்டிருக்காங்க?" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

கடைசியாக ஒருமுறை 6001 என்று மாற்றினேன். இந்த முறை அது அப்படியே நின்றது. ஆறாவது இசைத் தாளின் தலைப்பில் என் பெயரை அடித்தேன். அக்கா வந்து, "குடு, நானே பிரிண்ட் எடுத்துக்கறேன்" என்று மவுஸை வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் அமர்ந்தார்கள். அக்கா முன்னால் நின்று கையை உயர்த்தினாள். "ஆறாயிரத்து ஒண்ணு. ரெடியா?"

வில்கள் எழவில்லை.

"மேடம், எங்க தாள்ல ஐயாயிரத்து ஐம்பத்தேழுன்னு இருக்கே?" என்றார் முன்வரிசைக்காரர்.

"எனக்கும் அதேதான்."

"எனக்கும்."

"எலிக்குட்டி! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

ஓடிப்போய் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். 5057. தலைப்பில் அக்காவின் பெயர் மட்டும். என் பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அவளைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பாக அச்சாகிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"யாருக்கா அவ?" என்றேன். இருபது பேர் முன்னால் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. "அந்த இன்னொரு எலிக்குட்டி?"

அவள் வாய் திறந்தது.

பதில் மேலிருந்த ஒலிபெருக்கியில் வந்தது.

"சரிக்கா."

ஒலிப்பதிவாளர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு படியேறினேன். யாரும் கூப்பிடவில்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் காலை, வீட்டில், என் கணினியில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தேன். வெற்றுக் கோப்பு எப்போதும் ஒன்றில்தான் தொடங்கும். என் ஆறாவது இசை முப்பத்திரண்டு பார்கள். 5057-இலிருந்து எண்ணினால் 5088-இல் முடியும்.

திரையில் முதல் பாரின் எண் 5089.

பக்கத்தில், சூடான குட்டை மூச்சு.

நான் நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.