தண்ணீர் உறையாத ஷெட்

மூக்கின் ஈரமே உறைகிற குளிர். கோழி ஷெட்டுக்குள் வைத்த தண்ணீரில் மட்டும் மெல்லிய ஐஸ்கூடப் பிடித்திருக்கவில்லை. சூட்டுக்கென்று தொங்கவிட்ட பல்ப்போ இரவே எரிந்து போயிருந்தது.

"அப்ப எப்பிடியப்பா தண்ணி உறையாமக் கிடக்குது?" என்று காலையில் மக்டலீன் கேட்டாள்.

"கோழியளின்ர சூடுதான்," என்றான் அவள் கணவன் கஸ்பர், சப்பாத்தை மாட்டியபடி. "வேலையால வரேக்க புது பல்ப் வாங்கியாறன். பக்கத்து வீட்டுக்காரன் காணாமப் பாத்துக்கொள், இஞ்ச வீட்டில கோழி வளக்கக் கூடாதெல்லே."

அது தொண்ணூற்றொன்பது ஜனவரி. பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியதும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. கோழிகளின் கொண்டைகள் விறைக்காமல் பூச வாஸ்லீனும், கிண்ணத்தில் சோளமும் எடுத்துக்கொண்டு, கனடாவின் பிக்கரிங் நகரிலிருந்த தங்கள் வீட்டின் பின்வளவைக் கடந்து ஷெட்டுக்குள் நுழைந்து, குளிர் புகாமல் கதவைச் சாத்தினாள். எச்சத்தின் கார நெடியோடு, கழுவாத தலைமயிரின் மணம்போல வேறொன்றும் உள்ளே இருந்தது. கோழிகள் படுக்கும் தடி வெறுமையாகக் கிடந்தது. எல்லாம் மூலையில், பெரிய வைக்கோல் குவியலைச் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தன. அவ்வளவு வைக்கோலை அவள் அங்கே குவித்ததில்லை.

அப்போதுதான் கூரைப் பனி முழுதும் சரிந்து கதவை அடைத்தபடி விழுந்தது. தள்ளினாள். தோளால் இடித்தாள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு அசையவில்லை. யன்னலோ கையகலம்.

"ஆராவது இருக்கிறியளோ? கதவைத் திறவுங்கோ!"

பனி அவள் குரலை விழுங்கியது. ரொறன்ரோவிலிருந்து வரும் கஸ்பரின் ரெயின் எங்கே நிற்கிறதோ.

யன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாகி, நீலமானது. கதவோடு ஒட்டி நின்றவளுக்குக் கால்விரல்கள் நொந்தன. பிறகு நோகவே இல்லை. மூலையிலிருந்து மட்டும் வெதுவெதுப்பு வந்து வந்து போனது.

வந்து வந்து போனது. மூச்சு.

"மாதாவே..." பற்கள் கிட்டின.

வைக்கோலுக்கடியில் ஒரு சத்தம். தாய்க்கோழி குஞ்சுகளைச் செட்டைக்குள் கூப்பிடுகிற அதே கொக்... கொக்... ஆனால், பெரிய தொண்டையிலிருந்து.

கோழிகள் எழும்பின. குவியலின் ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து உள்ளே போயின.

கடைசிக் கோழியும் போனது.

உயர்ந்த பக்கம் தாழவில்லை. உள்ளே இருட்டு. சூடு.

கொக்... கொக்...

வேண்டாம், வேண்டாம் என்றது மனம். விறைத்த கால் தானாக முன்னால் நகர்ந்தது.

வைக்கோல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. ஒரு பெண் குனிந்து நுழையும் அளவுக்கு.